மூன்று இடத்து ஆளியில் ஐந்து சத்தம்

1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெண்டர் நிறுவனம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இண்டைக்கு எங்கட பக்கக் கடைகளில் தொங்குற விலைகுறைந்த மின்கிற்றார்களில் பலதும் அதைப் பார்த்துச் செய்தவைதான். பெயர் வேறாக இருக்கும், உடம்பு அதுவாக இருக்கும்.

அந்தக் கிற்றாரில் மூன்று பிக்கப் இருந்தது. எந்தப் பிக்கப்பின் சத்தம் வெளியே வரவேண்டும் எண்டு தெரிவுசெய்ய ஒரு ஆளி, அதாவது சுவிட்ச். அந்த ஆளிக்கு மூன்றே மூன்று இடம்: முன், நடு, பின். ஒரு நேரத்தில் ஒரு பிக்கப் மட்டும் கேட்கும். செய்தவர்கள் யோசித்தது அவ்வளவுதான்.

வாங்கினவர்கள் அதோட நிற்கவில்லை. ஆளியை ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில், எங்கேயும் விழாமல் பிடித்து நிறுத்தினால் இரண்டு பிக்கப்பும் ஒண்டாகக் கேட்கும் எண்டு கண்டுபிடித்தார்கள். மெல்லிய, கண்ணாடி போன்ற, கொஞ்சம் மூக்கால் பாடுற மாதிரி ஒரு சத்தம் அது. இப்படி முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு. மூன்று இடத்து ஆளியில் ஐந்து சத்தம். ஆளி வழுக்காமல் நிற்கத் தீக்குச்சி செருகினவர்களும் உண்டு எண்டு சொல்லுவாங்க. பெண்டர் நிறுவனம் ஐந்து இடமுள்ள ஆளியைத் தானே பொருத்தி விற்கத் தொடங்கினது 1977இல். இடையில் 23 வருசம்.

ஆளியை முதன்முதலில் நடுவில் நிறுத்தினது ஆர்? எந்தப் புத்தகத்திலும் அந்தப் பெயர் இல்லை. மின்கிற்றாரின் வரலாறு எண்டு தேடினால் கண்டுபிடிப்பாளர்களின் பெயர், காப்புரிமை இலக்கம், நிறுவனம் விற்கப்பட்ட திகதி எல்லாம் வரும். ஆனால் இண்டைக்கு உலகம் முழுக்க அச்சடித்த மாதிரி இருக்கிற அந்த ஐந்து இடத்து ஆளியின் கதையில் பாதி, பெயரில்லாத வாசிப்பாளர்களின் கதை. ஒரு கருவியின் குமிழும் ஆளியும் எங்கே இருக்கவேண்டும் எண்டு தொழிற்சாலை மட்டும் தீர்மானிக்கவில்லை; பாவிக்கிற கையும் தீர்மானித்தது. இந்தக் கட்டுரை அந்தக் கைகளைப் பற்றியது.

மூடியைக் கழற்றினால்

முதலில் உள்ளே என்ன கிடக்கு எண்டு பார்ப்போம். முன்பக்கத்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் பெரிய இரகசியம் ஒண்டும் இல்லை. இரண்டு மூன்று மாறுந்தடை, ஒரு கொள்ளளவி, ஒரு ஆளி, கொஞ்சம் வயர், அம்புக்குப் போற வயரைச் செருகுற ஓட்டை. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த எல்லாருக்கும் இந்தப் பெயர்கள் தெரியும். பரீட்சைக்குப் படம் கீறியிருப்போம். கையில் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

பிக்கப் எண்டது காந்தத்தைச் சுற்றி, தலைமயிர் அளவு மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றினது. மேலே உருக்குத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் குழம்பும், சுருளில் சின்ன மின்னழுத்தம் பிறக்கும். பரடே 1831இல் கண்ட விதி அது. அந்தச் சின்ன மின்னழுத்தம் மாறுந்தடைக்குப் போகுது. கிற்றார்காரர் அதைப் பொட் எண்டு சொல்லுவாங்க. வொலியூம் பொட்டைத் திருகினால் சமிக்ஞையில் ஒரு பங்கு நிலத்துக்குப் போகும், மிச்சம் வெளியே வரும். டோன் பொட்டில் ஒரு கொள்ளளவி சேர்ந்திருக்கும். கொள்ளளவி உயர்ந்த அதிர்வெண்களை இலேசாகக் கடத்தும், தாழ்ந்ததைக் கடத்தாது. அதனால் டோனைக் குறைத்தால் கூர்மையான சத்தம் மட்டும் நிலத்துக்கு ஓடிவிடும், இருண்ட சத்தம் மிஞ்சும்.

இவ்வளவுதான் சுற்று. இதைப் புதுசாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. வானொலிப் பெட்டிக்குள் ஏற்கெனவே இருந்த சாமான்தான். மின்கிற்றாரின் வரலாறு வானொலி திருத்துற கடையில் இருந்து தொடங்குறதும் அதனாலதான்.

கிற்றார் வாசிக்கத் தெரியாத திருத்துனர்

லியோ பெண்டர் 1909இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். கணக்கியல் படித்து, வேலை போய், 1938இல் புல்லர்ட்டன் எண்ட ஊரில் வானொலி திருத்துற கடை போட்டவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஊர்ப் பாட்டுக்காரர்கள் பழுதான அம்பைக் கொண்டுவருவார்கள், இவர் திருத்துவார், அவர்கள் என்ன குறை சொல்லுறார்கள் எண்டு கேட்பார். திருத்துனருக்கு ஒரு குணம் உண்டு: எது அடிக்கடி பழுதாகுது, எதை இலேசாகக் கழற்றலாம் எண்டுதான் முதலில் பார்ப்பார். பெண்டர் கிற்றாரில் கழுத்து ஒட்டப்படாமல் திருகாணியால் பூட்டப்பட்டதும், முழுச் சுற்றும் ஒரு தகட்டோடு கழன்று வருவதும் அந்தக் குணத்தால் வந்தவை.

1950இல் வந்து, 1951இல் டெலிகாஸ்டர் எண்டு பெயர் எடுத்த அவருடைய கிற்றாரில் இரண்டு பிக்கப், மூன்று இடத்து ஆளி. இண்டைக்கு நடு இடத்தில் வைத்தால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து கேட்கும். தொடக்கத்தில் அப்படி இல்லை. 1952 தொடக்கம் 1967 வரை ஆளியின் முன் இடம், கழுத்துப் பக்கப் பிக்கப்பின் கூர்மையை ஒரு கொள்ளளவியால் நிலத்துக்கு அனுப்பி, பாஸ் மாதிரி மந்தமான ஒரு சத்தம் தரும். நடு இடம் கழுத்துப் பிக்கப் மட்டும். பின் இடம் பின் பிக்கப் மட்டும். இரண்டும் சேருற சத்தத்துக்கு அந்த ஆளியில் ஒரு இடமும் இல்லை.

அந்த மந்தமான சத்தத்தை விரும்பினவர்கள் குறைவு. இரண்டு பிக்கப்பும் சேரவேணும் எண்டு விரும்பினவர்கள் கனபேர். அதனால் மூடியைத் திறந்து வயரை மாற்றிப் பூட்டினார்கள். கழன்று வரக்கூடியதாகச் செய்த தகடு அதுக்கு வழிவிட்டது. 1965இல் லியோ பெண்டர் நிறுவனத்தை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றார். புதிய முதலாளிகள் 1967இல் தொழிற்சாலையிலேயே வயரை மாற்றினார்கள். வாசிப்பாளர்கள் மேசையில் வைத்துச் செய்த மாற்றம் நிறுவனத்தின் வழமையாக ஆனது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஐந்து இடத்து ஆளி வந்தது அதுக்குப் பத்து வருசத்துக்குப் பிறகு.

இரண்டு முறையும் ஒரே ஒழுங்குதான்: தொழிற்சாலை ஒண்டு நினைத்தது, பாவித்தவர்கள் வேறொண்டைச் செய்தார்கள், தொழிற்சாலை பின்னால் வந்தது.

மலிவுக் கிற்றாருக்கு உள்ள சுதந்திரம்

1950களில் செய்த, ஒரு வயரும் மாற்றாத ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு இண்டைக்கு வீடு கட்டுற அளவு காசு கேட்பார்கள். அதில் ஒரு ஈயப்பற்றைத் தொட்டாலும் விலை இறங்கும். அதனால் அதைத் திறக்கப் பயம். மலிவுக் கிற்றாருக்கு அந்தப் பயம் இல்லை. மாற்றங்களில் துணிச்சலானவை மலிவுச் சாமானிலும், வீட்டில் செய்த சாமானிலும், உடைசலிலும் நடந்ததுக்கு ஒரு காரணம் இது.

பிரித்தானியாவில் பிரையன் மே எண்ட பள்ளிக்கூடப் பொடியன், கடையில் கிற்றார் வாங்க வசதியில்லாமல், 1963இல் மின்னணுவியல் தெரிந்த தகப்பனோட சேர்ந்து தானே ஒண்டைச் செய்யத் தொடங்கினார். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம். அதிர்வுக் கையின் விசைக்கு மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள். ஆளிகளில்தான் அவருடைய யோசனை தெரியும்: மூன்று பிக்கப்புக்கும் ஆளுக்கு ஒரு திறந்து மூடும் ஆளி, ஆளுக்கு ஒரு திசை மாற்றும் ஆளி, மொத்தம் ஆறு சின்ன ஆளி. எந்தப் பிக்கப்பையும் எதோடையும் சேர்க்கலாம், ஒண்டுக்கு ஒண்டு எதிராகவும் திருப்பலாம். பிறகு குயீன் குழுவில் அவர் வாசித்ததெல்லாம் பெரும்பாலும் அந்த வீட்டுக் கிற்றாரில்தான்.

அமெரிக்காவில் எடி வான் ஹேலன் 1970களின் நடுப்பகுதியில் எதிர்த்திசையில் போனார். குறைந்த விலைக்கு வாங்கின ஒரு உடம்பு, ஒரு கழுத்து, கிப்சன் கிற்றாரில் இருந்து கழற்றின ஒரு பிக்கப். மிச்சக் குமிழ்களை எல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு வொலியூம் பொட் மட்டும் பூட்டினார். அதில் வைத்த குமிழில் டோன் எண்டு எழுதியிருந்தது. கையில் கிடைத்தது அதுதான். 1978இல் அவருடைய குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. 1980களில் நிறுவனங்கள் ஒரு பிக்கப், ஒரு குமிழ் எண்டு கிற்றார் செய்து விற்றன.

ஒருவர் ஆறு ஆளி போட்டார், ஒருவர் எல்லாத்தையும் கழற்றிவிட்டு ஒரு குமிழ் வைத்தார். இரண்டும் சரி. தன் கைக்கும் காதுக்கும் என்ன வேணும் எண்டு இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

நிறுவனங்களுக்குள்ளும் மலிவாகச் செய்யப்போய்ப் புதுச் சத்தம் கிடைத்த கதை உண்டு. நாதன் டானியலின் டானலெக்ட்ரோ நிறுவனம், சியர்ஸ் கடைகளுக்காக மரச்சட்டத்தில் ஹார்ட்போர்ட் ஒட்டிக் கிற்றார் செய்தது. பிக்கப்பின் உறை லிப்ஸ்டிக் குழாய். இரண்டு பிக்கப்பையும் சேர்க்கும்போது மற்ற நிறுவனங்கள் சமாந்தரமாகத் தொடுக்க, இவர்கள் தொடராகத் தொடுத்தார்கள். சேர்த்தவுடன் சத்தம் பலக்கும். அந்தத் தொடர் இணைப்பைப் பிறகு டெலிகாஸ்டர் வைத்திருக்கிற எத்தனையோ பேர் தங்கட கிற்றாரில் நாலு இடத்து ஆளி போட்டுக் கொண்டுவந்தார்கள்.

வாவிக்கரையில் இதுக்கு என்ன அர்த்தம்

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. 150 டொலர் கிற்றார் ஒண்டு வரிக்கு முன்னமே 30,000 ரூபாயில் இருந்து 54,000 ரூபாய் ஆனது எண்டு அர்த்தம். கிற்றார் மாறவில்லை, அதே மரம், அதே வயர். நல்ல கிற்றார் வாங்குவம் எண்டு காசு சேர்த்துக்கொண்டிருந்த பொடியனுகளுக்கும் பெட்டையளுக்கும் அந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது எண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை. இருக்கிற மலிவுக் கிற்றாரையே நல்லதாக்குறது எண்டது இங்க பொழுதுபோக்கு இல்லை. வேற வழி இல்லை.

மலிவுக் கிற்றாரில் நிறுவனம் காசு மிச்சம் பிடிக்கிறது எங்கே? மரத்திலும் பிடிக்கும். ஆனால் ஆகச் சுலபமாகப் பிடிக்கிறது மூடிக்குக் கீழே, வாங்குறவர் பார்க்காத இடத்தில். சின்னப் பொட், இலேசான ஆளி, கையில் கிடைத்த கொள்ளளவி. எங்கட வாவிக்காற்றில் உப்பும் ஈரமும் கூட. தந்தி கெதியாகத் துருப்பிடிக்கும், பொட்டைத் திருகினால் கரகர எண்டு சத்தம் வரத் தொடங்கும். மண்டூரில் இருந்து துறையைக் கடந்து குருமண்வெளிக்குப் போய், களுவாஞ்சிகுடியில் அல்லது மட்டக்களப்பு நகரத்தில் தேடினாலும் கிற்றார் உதிரிப்பாகம் எண்டு தனியாக விற்கிற கடையைக் காண்பது கஷ்டம். ஆனால் பொட்டும் கொள்ளளவியும் கிற்றாருக்கு மட்டும் உரிய சாமான் இல்லை. அம்பும் ரேடியோவும் திருத்துற கடையில் அவை கிடக்கும். லியோ பெண்டரின் கடையில் கிடந்த அதே சாமான்.

எதை மாற்றலாம் எண்டதுக்கும் வரலாறு ஒரு வரைபடம் தருது.

முதலாவது, வொலியூம் பொட். மனிதக் காது சத்தத்தைக் கூட்டல் கணக்கில் கேட்காது, மடங்குக் கணக்கில் கேட்கும். அதனால் தடையும் அந்த மாதிரி மாறுற பொட் வேணும். அதில் ஏ எண்ட எழுத்து இருக்கும். சீராக மாறுற பொட்டில் பி எண்ட எழுத்து. மலிவுக் கிற்றார் சிலதில் வொலியூமுக்கும் பி வகையைப் போட்டுவிடுவார்கள். அப்போ பத்தில் இருந்து ஐந்துக்குக் குறைத்தாலும் சத்தம் குறைந்த மாதிரி இராது, கடைசியில் திடீரெண்டு விழும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப்புக்கு 250 ஆயிரம் ஓம் பொட் வழமை. ஹம்பக்கர் எண்ட இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு 500 ஆயிரம்.

இரண்டாவது, டோன் கொள்ளளவி. முதற்கால ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி போட்டார்கள். டோனைக் குறைத்தால் கம்பளி போர்த்த மாதிரி இருக்கும். 0.047 அல்லது 0.022 போட்டால் குறைத்த பிறகும் சொல் விளங்கும். ஒரு சின்னச் சாமான், இரண்டு ஈயப்பற்று. இதைவிடக் குறைந்த செலவில் கிற்றாரின் குணத்தை மாற்ற ஏலாது.

மூன்றாவது, ஆகக் கூர்மையாகக் கத்துற பின் பிக்கப்புக்கு டோன் கொடுப்பது. 1954 ஒழுங்கில் இரண்டு டோன் குமிழும் முன் பிக்கப்புக்கும் நடுப் பிக்கப்புக்கும்தான். ஆகத் தேவையான பிக்கப்புக்கு ஒண்டும் இல்லை! ஆளியில் ஒரே ஒரு வயரை ஒரு காலில் இருந்து அடுத்த காலுக்கு மாற்றினால் நடுப் பிக்கப்பின் டோன் பின் பிக்கப்புக்கு வரும். ஒரு குமிழும் புதுசாகத் தேவையில்லை, ஒரு ஓட்டையும் போடத் தேவையில்லை. பிந்திய காலத்தில் பெண்டர் நிறுவனமே சில கிற்றார்களில் பின் பிக்கப்புக்கு டோன் கொடுத்தது.

நாலாவது, வொலியூமைக் குறைக்கும்போது சத்தம் இருளாமல் இருக்க, வொலியூம் பொட்டின் இரண்டு காலுக்கு இடையில் மிகச் சிறிய ஒரு கொள்ளளவி. கூர்மை அந்தக் குறுக்குப் பாதையால் தப்பிப் போகும்.

ஐந்தாவது, ஐந்து சத்தத்தை ஏழாக்குவது. பிங்க் ப்ளொயிட் குழுவின் டேவிட் கில்மர் தன்ட கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒரு சின்ன ஆளி கூடப் போட்டார். பெரிய ஆளி எங்கே நின்றாலும் முன் பிக்கப்பை அதோட சேர்க்கலாம். இப்போ முன்னும் பின்னும் சேரும், மூன்றும் சேரும். ஓட்டை போட விருப்பமில்லாதவர்கள் இழுத்தால் ஆளியாக மாறுற பொட்டைப் போடலாம், வெளியில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

பயப்படுறவர்களுக்கு ஒரு விசயம். இந்த வகைக் கிற்றாருக்குள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் இல்லை, வயரைக் கழற்றிவிட்டால் அது வெறும் மரமும் செம்பும். அம்ப் அப்படி இல்லை. அதுக்குள்ளே 230 வோல்ட் வருகுது. வால்வு அம்பில், செருகியைக் கழற்றின பிறகும் கொள்ளளவியில் ஆளை அடிக்கிற மின்னேற்றம் நிற்கும். கிற்றாரைத் திறக்கலாம். அம்பைத் தெரிந்த ஆளிடம் கொடுங்க.

எங்கட பக்கம் கிறுகிப் பார்த்தால்

இதெல்லாம் அமெரிக்கக் கதை, எங்களுக்கு என்ன எண்டு கேட்கலாம். வாங்கின கருவியைத் தன் கைக்கு ஏற்ப மாற்றுறது எங்கட இசைக்குப் புதுசில்லை.

வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பாலுசுவாமி தீட்சிதர். ஐரோப்பியர் நின்று, தாடையில் வைத்து வாசித்த கருவி, இங்கே நிலத்தில் இருந்து, நெஞ்சுக்கும் காலுக்கும் இடையில் வைத்து வாசிக்கிற கருவியாக ஆனது. சுருதி கூட்டுற முறையும் மாறியது. இண்டைக்கு ஆரும் அதை மாற்றின வயலின் எண்டு சொல்லுறதில்லை.

எங்கட அப்பா அம்மா காலத்தில் அதையே மின்கருவியில் செய்தவர் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014). வழமையான மண்டலினில் எட்டுத் தந்தி, நாலு சோடி. சோடித் தந்தியில் கமகம் இழுக்கிறது கஷ்டம். ஸ்ரீநிவாஸ் மின்மண்டலினை எடுத்தார், சோடியை விட்டுத் தனித்தந்தி ஆக்கினார், கீழ்ஸ்தாயிக்காக ஐந்தாவது தந்தியைச் சேர்த்தார். பிக்கப் இருந்ததால் தந்தியின் சத்தம் கெதியாகச் சாகாமல் நீண்டது, அந்த நீளத்தில் இராகத்தைப் பாட முடிந்தது. சின்னப் பிள்ளையாக மேடை ஏறினவர் தன்ட கருவியைத் தன்ட இசைக்குப் பணியவைத்தார்.

இலங்கையில் மின்கிற்றார் சிங்களப் பொப் இசைக்குள் வந்தது 1960களில், கிளரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் வந்த காலத்தில். 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களால் தமிழ்ப் பொப் பாட்டும் இலங்கை முழுக்கக் கேட்டது. அந்தப் பாட்டுகள் பெருகின 1970–77 காலம்தான் இறக்குமதி இறுக்கிக் கட்டப்பட்ட காலமும். வெளிநாட்டுச் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு பொருள் பழுதானால் திருத்த வேணும், திருத்தத் தெரியாவிட்டால் பழக வேணும்.

மட்டக்களப்பில் இன்னொரு சமூகத்தையும் நினைக்க வேணும். எங்கட பறங்கியர். வயலினோடு கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தையும் போர்த்துக்கேய மொழியையும் பல நூற்றாண்டாகக் காத்தவர்கள். தச்சு, கொல்லு வேலை, இயந்திரத் திருத்தம் அவர்களின் தொழில்கள். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் இலங்கைப் பறங்கியரைப் பற்றி எழுதின ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே போர்த்துக்கேய மெக்கானிக்குகள் எண்ட சொல் வருகுது. ஏளனமாகப் பாவிக்கப்பட்ட சொல் அது. என்ட கண்ணுக்கு அதில் ஒரு மரியாதை தெரியுது: பாட்டும் உளியும் ஒரே வீட்டில் இருந்திருக்கு.

இன்னும் கிட்டத்தில் வந்தால் உடுக்கு. வைகாசியில் மட்டக்களப்புக் கண்ணகி அம்மன் சடங்குகளில் உடுக்குச் சத்தம் கேட்காத ஆள் எங்களில் ஆர்? உடுக்கின் நடுவில் கட்டின கயிற்றைக் கையால் இறுக்கினால் தோல் இழுபட்டுச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். ஒரு குமிழ் இல்லை, ஒரு இலக்கம் இல்லை. பிடிக்கிற கையே கட்டுப்பாடு. எந்த இடத்தில் எவ்வளவு இறுக்க வேணும் எண்டது அடிக்கிறவருக்குத்தான் தெரியும். கருவியின் கட்டுப்பாடு பாவிக்கிற ஆளின் கைக்குச் சொந்தம் எண்டது எங்களுக்கு வெளியில் இருந்து வந்த யோசனை இல்லை.

பொட்டின் முதுகில் ஒரு திகதி

கலைப்பீடத்தில் வரலாறு எண்டால் முதலில் கேட்பது, மூலம் எது? ஆளியை நடுவில் நிறுத்தின ஆளுக்குப் பெயர் இல்லை எண்டு தொடக்கத்தில் சொன்னேன். ஆனால் தடயம் முழுக்க இல்லாமல் போகவில்லை. கிற்றாரே ஆவணம்.

பழைய அமெரிக்கப் பொட்களின் முதுகில் ஒரு இலக்கம் அடித்திருக்கும். முதல் மூன்று எண் செய்த நிறுவனத்தைச் சொல்லும். 137 எண்டால் சி.டி.எஸ்., 304 எண்டால் ஸ்டக்போல். அடுத்து வருறது வருசம், கடைசி இரண்டும் கிழமை. 1376632 எண்டு இருந்தால் சி.டி.எஸ். நிறுவனம் 1966இன் 32ஆவது கிழமையில் செய்த பொட். பழைய கிற்றாரை ஆராயுறவர்கள் கல்வெட்டு வாசிக்கிற மாதிரி இதை வாசிப்பார்கள். 1966 கிற்றாரில் 1974 பொட் இருந்தால், அந்த வருசத்திலோ அதுக்குப் பிறகோ ஒரு கை உள்ளே போயிருக்கு. ஈயப்பற்றின் பளபளப்பு, வயரின் நிறம், மூடியில் போட்டு அடைத்த ஓட்டை, எல்லாம் சாட்சி. விற்கிறவருக்கு அது குறை. வரலாறு படிக்கிறவருக்கு அதுதான் மூலம்.

இந்த இடத்தில் விபுலாநந்த அடிகள் நினைவுக்கு வருறார். காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானம் படித்துப் படிப்பித்தவர். யாழ் எண்ட கருவி வழக்கொழிந்து போன பிறகு சிலப்பதிகாரத்தையும் மற்ற நூல்களையும் வைத்து, கணக்குப் போட்டு அந்தக் கருவியைத் தேடினார். அந்தத் தேடலின் விளைவான யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. அதே வருசம் ஜூலையில் அவர் காலமானார். அவருக்கு எழுத்து இருந்தது, கருவி இல்லை. எங்களுக்கு நேர் எதிர். கருவி கையில் இருக்கு, எழுத்து இல்லை. எங்கட ஊர்க் கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் வாசித்த இசைக்குழுக்களின் கிற்றார்களை ஆர் திறந்தார்கள், ஆர் எதை மாற்றினார்கள், எந்தக் கடையில் எந்தச் சாமானை வாங்கி எதுக்குப் பதிலாகப் போட்டார்கள் எண்டதெல்லாம் ஆக்களின் நினைவில்தான் கிடக்கு. இறக்குமதி பூட்டிக் கிடந்த காலத்தில் வாசித்த தலைமுறைக்கு இப்போ எழுபது வயசு தாண்டியிருக்கும். ஊரில் அப்படி ஆர் இருந்தாலும் போய்க் கேளுங்க. போனில் ஒலிப்பதிவு செய்து வையுங்க. பழைய கிற்றார் கிடந்தால் உள்ளேயும் ஒரு படம் எடுங்க.

நீங்கள் உங்கட கிற்றாரைத் திறக்கும் நாளில் மூன்று வேலை செய்யுங்க. கழற்ற முதல் வயர் எப்படி இருந்தது எண்டு படம் கீறுங்க. கழற்றின சாமானை எறியாமல் ஒரு உறையில் போட்டு வையுங்க. பிறகு ஒரு துண்டுக் கடதாசியில் திகதி, ஊர், எதை எதுக்குப் பதிலாகப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் எண்டு எழுதி மூடிக்குள்ளே வைத்துப் பூட்டுங்க. 1954க்கும் 1977க்கும் இடையில் ஆளியை நடுவில் நிறுத்தின ஆள் அப்படி ஒரு துண்டு வைத்திருந்தால் இண்டைக்கு அவருடைய பெயர் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.